கை தீண்டாத படிப்பும், படிப்புத் தீண்டாத கையும்

(வாலிபர்களுக்கான கைத்தொழில், யந்திரப் பட்டறை ஒன்றின் தொடக்கக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இந்தப் பட்டறையை நாம் திறந்து வைக்கப் போவதாக விளம்பரத்தில் போட்டிருக்கின்றது. ஆனால் நாம் வருவதற்கு முன்பே பிள்ளைகள் அதைத் திறந்துவிட்டார்கள். நாம் உள்ளே நுழைந்தபோது ஒரு பழைய மின்விசிறி நாலைந்து துண்டாய்ப் பிரிந்து மேசைமேல் கிடந்தது. ஒரு சிறுவன் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். தலைவரும் நாமும் பக்கத்தில் போய் நின்றும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதை மரியாதைக் குறைவென்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், இன்றைய தினம் நமக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்பதேயாகும். குத்துவிளக்கு ஏற்றுவதும் ரிப்பன் வெட்டுவதும் திறப்பு விழா ஆகாது. ஒரு பிள்ளை திருப்புளியைக் கையிலெடுத்து முதல் திருகைக் கழற்றுகின்றதே, அதுதான் பட்டறைக்குத் திறப்பு விழா.

தோழர்களே! இதில் என்ன நடக்கப் போகின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். பள்ளிக்கூடம் விட்ட பிறகும், விடுமுறை நாட்களிலும் பிள்ளைகள் இங்கு வரலாம். மரம் அறுக்கலாம், தகரம் வெட்டலாம், கம்பி பற்ற வைக்கலாம், பழைய ரேடியோவையும் சைக்கிளையும் பிரித்துப் பார்க்கலாம், சின்ன மோட்டார் செய்யலாம், கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதி அதன்படி ஒரு விளக்கை எரியவும் அணையவும் செய்யலாம். பரீட்சை கிடையாது. மார்க்கு கிடையாது. “இதனால் என்ன பிரயோஜனம்?” என்று சில பெற்றோர்கள் கேட்கின்றார்களாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கின்றோம்.

கைக்கு நேர்ந்த கதி

நம் நாட்டில் வெகுகாலமாக ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்து வந்திருக்கின்றது. அதாவது, ஏட்டைத் தொட்டவன் உளியைத் தொடக்கூடாது. உளியைத் தொட்டவன் ஏட்டைத் தொடக்கூடாது என்பதாகும். இரும்பு எந்தச் சூட்டில் எந்த நிறம் காட்டும் என்று தெரிந்தவனுக்கு அதை எழுதி வைக்க எழுத்துக் கொடுக்கப்படவில்லை. எழுத்து வைத்திருந்தவனுக்கோ இரும்பைத் தொட்டால் அந்தஸ்துக் குறைந்து போகும். இதனால் என்ன ஆயிற்று? கைக்காரனின் அறிவு அவன் கண்ணை மூடியதும் அவனோடு போயிற்று. படிப்பாளியின் அறிவோ சொன்னதையே திருப்பிச் சொல்லித் தேய்ந்து போயிற்று. ஒருவன் செய்தான், ஏன் என்று கேட்கவில்லை. மற்றொருவன் பேசினான், செய்து பார்க்கவில்லை. செய்து பார்ப்பதும் ஏன் என்று கேட்பதும் ஒரே மனிதனிடத்தில் சேராத நாட்டில் விஞ்ஞானம் எப்படி வளரும் என்று கேட்கின்றோம்.

இந்த மனப்பான்மை இன்றும் ஒழிந்துவிடவில்லை. “படிக்காவிட்டால் மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போவாய்” என்று பிள்ளையை மிரட்டாத தகப்பனார்கள் நம்மில் எத்தனை பேர்? அதே தகப்பனார் தம் வண்டி நடுவழியில் நின்றுபோனால் அந்த மெக்கானிக்கைத்தான் கும்பிட்டு அழைக்கின்றார். வருஷத்திற்கு ஒரு நாள் சுத்திக்கும் அரத்திற்கும் சந்தனம் பூசிப் பொரி கடலை வைக்கின்றோம். மற்ற நாட்களில் அந்தச் சுத்தியைப் பிடிக்கின்றவனைத் திண்ணையில் உட்கார வைக்கவும் யோசிக்கின்றோம். புது வண்டி வாங்கினால் நாலு சக்கரத்திற்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். பிரேக் எப்படிப் பிடிக்கின்றது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்திருக்கின்றோமா? கருவியைப் பூஜை செய்வது சுலபம். அதைத் தெரிந்துகொள்ளுவதுதான் கஷ்டம்.

ஒரு நியாயமான பயம்

இங்கே ஒரு ஆக்ஷேபணையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நேற்று ஒரு தாயார் நம்மிடம் வந்து, “என் மாமனார் காலமெல்லாம் துருத்தி ஊதினார். என் மகன் படித்து ஆபீசுக்குப் போகட்டும் என்று பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினால் நீங்கள் மறுபடியும் அவன் கையில் சுத்தியைக் கொடுக்கின்றீர்களே, ஐயா!” என்று கேட்டார். அந்த அம்மாளைக் குறை சொல்ல நம்மால் முடியாது. அந்தப் பயத்திற்கு இந்த நாட்டில் சரித்திரமே இருக்கின்றது.

1953-ம் வருஷத்தில் சென்னை ராஜ்யத்தில் இராஜகோபாலாச்சாரியார் மந்திரி சபை ஒரு ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரந்தான் பள்ளிக்கூடம். மற்ற நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். குலக்கல்வித் திட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1954-ல் காமராசர் மந்திரி சபை அதைக் கைவிட்டது. ஆகவே பிள்ளைக்குக் கைவேலை என்று யாராவது சொன்னால் நம் ஜனங்களுக்குத் திக்கென்று இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதற்கும் இதற்கும் உள்ள பேதத்தை யோசித்துப் பாருங்கள். அங்கே பிள்ளையின் கையில் எந்தக் கருவி என்பதைப் பிறப்புத் தீர்மானித்தது. இங்கே அவன் ஆசை தீர்மானிக்கின்றது. அங்கே படிப்பு நேரத்தை வெட்டிக் கைவேலை கொடுத்தார்கள். இங்கே படிப்பு நேரம் முழுவதும் படிப்புக்கே இருக்க, அதற்குமேல் கைக்கு வேலை கொடுக்கின்றோம். அங்கே வண்ணார் பிள்ளை வெளுக்கப் போக வேண்டும். குருக்கள் பிள்ளை மணியாட்டப் போக வேண்டும். இங்கே குருக்கள் பிள்ளை வெல்டிங் செய்யட்டும். வண்ணார் பிள்ளை கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதட்டும். இருவரும் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்காரட்டும். குலக்கல்வி கையையும் ஏட்டையும் பிரித்தது. இந்தப் பட்டறை அவை இரண்டையும் சேர்க்க வந்திருக்கின்றது. இதை விட்டு எந்த நாளாவது இங்கு “உன் தகப்பன் என்ன தொழில்?” என்று ஒரு பிள்ளையைக் கேட்பார்களேயானால், அன்றே இதை இழுத்துப் பூட்ட வேண்டுமென்று முதலில் சொல்லுபவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

கொல்லன் மகன்

கையும் ஏட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். இங்கிலாந்தில் 1791-ல் ஒரு கொல்லனுக்குப் பிறந்தவர் மைக்கேல் ஃபாரடே. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. ஒரு புத்தகக் கட்டிடக் கடையில் வேலை பழகப் போனார். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தார். படித்ததோடு நில்லாமல் அவற்றில் சொன்னதைச் செய்து பார்த்தார். 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி என்ற ரசாயன அறிஞருக்கு உதவியாளாக அமர்ந்தார். 1821-ல் மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்துக் காட்டினார். 1831-ல் காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்பதைக் கண்டார். இன்று உங்கள் வீட்டு மிக்ஸியும் வயல்காட்டுப் பம்புசெட்டும் முதற் சொன்ன உண்மையின் பிள்ளைகள். அவற்றுக்கு மின்சாரம் அனுப்பும் ஜெனரேட்டர் இரண்டாவது உண்மையின் பிள்ளை.

அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ல் இளைஞர்களுக்கென்று கிறிஸ்துமஸ் விடுமுறையில் விஞ்ஞானச் சொற்பொழிவுகள் தொடங்கின. எல்லாவற்றையும் கண் முன்னே செய்து காட்டிச் சொல்லும் சொற்பொழிவுகள் அவை. ஃபாரடே மட்டும் 19 வருஷங்களில் அவற்றை நடத்தினார். கொல்லன் மகன் துருத்தியைத்தான் ஊத வேண்டும் என்றிருந்தால் உலகத்திற்கு எவ்வளவு நஷ்டம் வந்திருக்கும்! நம் நாட்டில் எத்தனை ஃபாரடேக்களை அப்படித் துருத்திக்கே தத்தம் செய்தோமோ, அதற்குக் கணக்கு யாரிடம் இருக்கின்றது?

ஐம்பது ரூபாய்க்கு ஒரு ஞானம்

சென்ற கோடையில் வேறொரு ஊர்ப் பட்டறையில் நாம் நேரில் கண்டதைச் சொல்லுகின்றோம். பிள்ளைகள் சின்ன மோட்டார் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு வேண்டியவை ஒரு டார்ச்சு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு வட்டக் காந்தம், ஒரு மீட்டர் எனாமல் பூசிய செம்புக் கம்பி, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் ஆகிய இவ்வளவுதான். ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். கம்பியைப் பேட்டரியின் மேல் சில சுற்றுச் சுற்றி எடுத்து, இரு முனைகளையும் இரு பக்கமும் நீட்டிவிட வேண்டும். ஊக்குகளைப் பேட்டரியின் இரு நுனியிலும் ரப்பரால் இறுக்கி, அவற்றின் துவாரத்தில் அந்த முனைகளைத் தாங்கவிட்டு, அடியில் காந்தத்தை வைத்தால் சுருள் சுழலும்.

ஒரு சிறுமியின் மோட்டார் மாத்திரம் சுழலவில்லை. இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர், “ராகு காலத்தில் ஆரம்பித்தாய், எப்படிச் சுற்றும்?” என்று தமாஷாகவோ நிஜமாகவோ சொன்னார். அந்தப் பெண் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சுழலும் மோட்டாரை வைத்திருந்த பையனிடம் போய், அவனுடைய சுருளையும் தன் சுருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவனுடைய கம்பியில் ஒரு முனையில் எனாமல் முழுவதும் சுரண்டப்பட்டிருந்தது. மறுமுனையில் பாதிப் பக்கம்தான் சுரண்டப்பட்டிருந்தது. இவளோ சுத்தமாய் இருக்கட்டும் என்று இரண்டையும் முழுக்கச் சுரண்டிவிட்டாள். கொஞ்ச நேரம் சுருளை விரலால் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தானே சொன்னாள்: “பாதிச் சுற்று வரைக்கும் காந்தம் முன்னே தள்ளுகின்றது. மீதிப் பாதியில் பின்னே இழுக்கின்றது. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால்தான் வந்த வேகத்திலேயே தாண்டிப் போகும்.” மறுமுனையின் ஒரு பக்கத்தில் நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டாள். மோட்டார் சுழன்றது.

அந்தப் பெரியவர் பேசாமல் எழுந்து போய்விட்டார். அவரைப் பரிகாசம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு காரியம் கெட்டுப் போனால் நம் ஜனங்கள் ஜாதகத்தைப் பார்க்கின்றார்கள். அந்தப் பெண் கம்பியைப் பார்த்தாள். காரணத்தைக் காரியத்திற்குள்ளேயே தேடும் பழக்கம் ஒருவருக்கு ஒரு தடவை பலித்துவிட்டால் அது பிறகு போகாது. நாளைக்கு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், கழனியில் பயிர் வாடினாலும், கலியாணத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்றாலும் அவள் கம்பியைத்தான் பார்ப்பாள். நூறு மேடையில் பகுத்தறிவைப் பற்றி நாம் பேசுவதை விட அந்த அரை மணி நேரம் அதிக வேலை செய்தது என்று ஒப்புக்கொள்ளுவதில் நமக்கு வெட்கமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கணக்கு வரவில்லை என்று பிள்ளைகளை அடிக்கின்றோம். ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை 9 வோல்ட் பேட்டரியில் நேரே மாட்டினால் கருகிப் போகும். விளக்குக்கு வேண்டியது சுமார் 2 வோல்ட். மீதி 7 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். ஓட வேண்டிய மின்சாரம் 0.02 ஆம்பியர். ஏழை 0.02-ஆல் வகுத்தால் 350 ஓம். கடையில் அதற்கு அடுத்தபடியாகக் கிடைப்பது 390. இரண்டு விளக்கைக் கருக்கிய பையன் மூன்றாவது விளக்குக்கு முன் தானாகவே பென்சிலைத் தேடுகின்றான். பிரம்பு செய்யாததைக் கருகிய விளக்குச் செய்துவிடுகின்றது.

நம் நாட்டிலேயே நடந்தவை

இதெல்லாம் மேல் நாட்டுச் சங்கதி என்று சொல்லிவிட முடியாது. 1972-ல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 16 நடுநிலைப் பள்ளிகளில், பிள்ளைகளே சோதனை செய்து விஞ்ஞானம் கற்கும் திட்டம் தொடங்கிற்று. அது முப்பது வருஷம் நடந்து, பல ஜில்லாக்களுக்குப் பரவி, 2002-ல் நிறுத்தப்பட்டது. அதில் ஈடுபட்ட கான்பூர் ஐ.ஐ.டி. பட்டதாரியான அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவ கணிதம் சொல்லிக் கொடுத்தார். குப்பையிலிருந்து அவர் செய்து காட்டிய விளையாட்டுச் சாமான்கள் இன்று பல பாஷைகளில் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. மேலே சொன்ன ஊக்கு மோட்டாரையும் நாடெங்கும் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர்.

மராட்டிய நாட்டில் புனா ஜில்லாவில் பாபல் என்று வறட்சியான ஒரு கிராமம். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, பம்பாயில் ஒரு பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த ஸ்ரீநாத் கல்பாக் என்பவர் 1983-ல் அங்கு விஞ்ஞான ஆசிரமம் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பேர்தான் ஆசிரமம்; உள்ளே நடப்பது வெல்டிங், தச்சு, மின்வேலை, விவசாயம், உணவுப் பக்குவம் முதலியவை. பள்ளிக்கூடம் உதவாக்கரை என்று தள்ளிய பிள்ளைகளை அவர் சேர்த்துக்கொண்டார். அவர்கள் ஒரே தொழிலைக் கட்டிக்கொண்டு அழவில்லை. எல்லாத் தொழிலையும் பழகினார்கள். பழைய ஜீப் சாமான்களிலிருந்து சிறு டிராக்டர் அங்கு உருவாயிற்று. 2002-ல் அமெரிக்காவின் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் தங்கள் ‘ஃபேப் லேப்’ என்னும் நவீன பட்டறைகளை உலகில் பரப்பத் தொடங்கியபோது, முதலில் அமைந்த இடங்களில் ஒன்று அந்தக் கிராமம். பள்ளிக்கூடம் தள்ளிய பிள்ளை உதவாக்கரையா, தள்ளிய பள்ளிக்கூடம் உதவாக்கரையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உழைத்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அதில் ஏறி ஊர் சுற்றுவதோடு நிற்கவில்லை. அக்கு அக்காகக் கழற்றி மறுபடி பூட்டினார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கியவர், பிறகு எத்தனை யந்திரங்களுக்கு உருவம் கொடுத்தார் என்பது நாடறிந்தது. அன்று கழற்றிய அந்த மோட்டார் சைக்கிள்தான் அவருடைய காலேஜ்.

புது மந்திரம் வேண்டாம்

நிற்க. நம்மவர்களிடத்தும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கின்றது. 2016 முதல் இந்திய சர்க்கார் அடல் டிங்கரிங் லேப் என்ற பேரால் பள்ளிகளில் பட்டறை வைக்க ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வருகின்றது. சுமார் 10,000 பள்ளிகளில் வந்திருக்கின்றன. நல்ல காரியந்தான். ஆனால் சாமான் வந்தால் மாத்திரம் அறிவு வந்துவிடாது. விலை உயர்ந்த கருவி உடைந்தால் யார் பதில் சொல்லுவது என்று பயந்து, அதைக் கண்ணாடி பீரோவில் பூட்டி, மேலதிகாரி வரும் நாளில் மாத்திரம் துடைத்து வைக்கும் இடங்களையும் நாம் பார்த்திருக்கின்றோம். அது பட்டறையல்ல, மூலஸ்தானம்.

அன்றியும், ஊர்ப் பணக்காரப் பிள்ளைகளுக்கென்று ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்கி ‘ரோபோ வகுப்பு’ நடத்துகின்றார்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு சிறு புத்தகம் இருக்கும். ஒன்றாம் படத்தில் சொன்னதை இரண்டாம் படத்தோடு பூட்டு, சிவப்புக் கம்பியை மூன்றாம் துளையில் செருகு என்றிருக்கும். பிள்ளை அப்படியே செய்கின்றது, பொம்மை நடக்கின்றது, தகப்பனார் படம் பிடிக்கின்றார். ஏன் மூன்றாம் துளை என்று பிள்ளைக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கையில் கம்பி இருப்பதால் மாத்திரம் ஒருவன் பகுத்தறிவுக்காரன் ஆகிவிட மாட்டான்.

செய்ய வேண்டியவை

ஆகையால் இந்தப் பட்டறைக்காரர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இவை:

முதலாவது, வருகின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பெண்களைக் கூட்டிப் பெருக்கவும், ஆண்களைப் பற்ற வைக்கவும் விடுவதாயிருந்தால் அது வேறு வர்ணாசிரமம்.

இரண்டாவது, பள்ளிக்கூட நேரத்தில் ஒரு நிமிஷங்கூட இங்கு எடுக்கக்கூடாது.

மூன்றாவது, ஊரிலுள்ள தச்சர், வெல்டர், மோட்டார் காயில் கட்டுகின்றவர் ஆகியவர்களை வாத்தியார்களாக அழையுங்கள். பட்டதாரிக்குப் போடும் அதே நாற்காலியைப் போட்டு, அதே சம்பளத்தைக் கொடுங்கள்.

நான்காவது, சாமான் உடைந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். எப்படி உடைந்தது என்று எழுதி வரச் சொல்லுங்கள். கைவேலைக்காரனுக்கு இந்த நாடு மறுத்தது எழுத்துத்தான். ஆதலால் செய்ததை எழுதுவதும், எழுதியதைச் செய்வதும் இங்கு ஒன்றாக நடக்க வேண்டும்.

ஐந்தாவது, வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் தைரியம் காட்ட வேண்டாம். பெரியவர் இல்லாமல் அதைத் தொடவிடாதீர்கள். பற்ற வைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணாடி போடட்டும். கருகிய விளக்கை மாற்றலாம். கருகிய கண்ணை மாற்ற முடியாது.

தோழர்களே! நேற்று வந்த அந்தத் தாயாருக்கு நாம் சொன்ன பதிலைச் சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம். “அம்மா! உங்கள் மாமனார் கையில் சுத்தி இருந்தது, ஏடு இல்லை. அதனால்தான் அவர் கஷ்டப்பட்டார். சுத்தி இருந்ததனால் அல்ல. உங்கள் மகன் கையில் இரண்டும் இருக்கட்டும். பிறகு ஆபீசுக்குப் போவதோ ஆபீசையே கட்டுவதோ அவன் இஷ்டம்” என்றோம். அந்த அம்மாள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லுகின்றேன் என்று போனார். அது போதும், நாம் கேட்பதும் யோசிக்க வேண்டும் என்பதைத்தான்.

நாம் பேச எழுந்தபோது அந்த மின்விசிறிப் பையனின் பக்கத்தில் ஒரு பெரிய பையன் உட்கார்ந்து உதவி செய்துகொண்டிருந்தான். அவன் அந்த அம்மாளின் மகன் என்று இப்பொழுதுதான் தலைவர் நம் காதில் சொன்னார். அவர்கள் வேலையை இதற்கு மேலும் நம் பேச்சால் கெடுக்க நமக்கு இஷ்டமில்லை.